குலமா, கொள்கையா: தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலியின் வாழ்வும் முதிர்ந்த விசுவாச அறிக்கையும்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவத் திருச்சபைகளில் குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குப் பெற்ற ஒருவர், அறிவு முதிர்ந்த பின் தம் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிட்டு ஏற்கும் சடங்கு கத்தோலிக்க மரபில் உறுதிபூசுதல் என்றும் சீர்திருத்த மரபில் திடப்படுத்தல் என்றும் வழங்குகிறது. பெற்றோர் கிறித்தவராக இல்லாத சூழலில், வளர்ந்தவர் ஒருவர் முதன்முறையாகத் திருமுழுக்குப் பெறும்போது அந்த முதிர்ந்த அறிக்கை எவ்வாறு அமைய வேண்டும் என்னும் சிக்கல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நகரில் கூர்மையாக எழுந்தது. அச்சிக்கலை எதிர்கொண்டவர் தத்துவபோதக சுவாமிகள் என்று தமிழுலகம் அறிந்த இராபர்ட் தெ நொபிலி (1577–1656). திருமுழுக்கின்போது கேட்கப்பட்ட ஒரு வினாவை அச்சாகக் கொண்டு அவருடைய வாழ்வையும் தமிழ்ப்பணியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தத்துவபோதகர், மதுரை மறைப்பணி, விசுவாச அறிக்கை, உறுதிபூசுதல், பறங்கி, ஞானோபதேசம், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

தமிழ் உரைநடை வரலாற்றில் தத்துவபோதகர் பெறும் இடம் யாவரும் அறிந்தது. வடசொல் மிகுந்த நடையினர், சமய வாதநூல்கள் செய்தவர், துறவுக்கோலம் பூண்ட மேனாட்டார் என்னும் மூன்று நிலைகளில் அவர் பெரிதும் பேசப்பட்டுள்ளார். இம்மூன்றும் ஒரே நோக்கத்திலிருந்து கிளைத்தவை என்பது போதிய அளவு எடுத்துக்காட்டப்படவில்லை. ஒருவர் புதிய சமயமொன்றை ஏற்பதாக வாய்விட்டு அறிக்கையிடும்போது, தாம் எதை ஏற்கிறோம் என்பதை அவர் தம் மொழியில், தம் அறிவால் தெளிந்திருக்க வேண்டும் என்பதே அந்நோக்கம். அவர்தம் நடை, நூல்கள், கோலம் ஆகிய மூன்றும் அதற்குக் கருவிகளாயின.

ஐரோப்பியத் திருச்சபைச் சூழலையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். தொடக்கக் காலத் திருச்சபையில் வளர்ந்தவர்களே மிகுதியாகத் திருமுழுக்குப் பெற்றனர். நீண்ட ஆயத்தம், விசுவாச அறிக்கை, முழுக்கு, எண்ணெய்ப்பூச்சு ஆகியன ஒரே தொடராக அமைந்தன. குழந்தைத் திருமுழுக்குப் பெருவழக்கான பின்னர், மேலைத் திருச்சபையில் எண்ணெய்ப்பூச்சு ஆயருக்குரிய தனிச் சடங்காகப் பிரிந்தது. திரெந்து பொதுச்சங்கம் 1547இல் உறுதிபூசுதலைத் திருவருட்சாதனங்களுள் ஒன்றென உறுதிசெய்தது. 1566இல் வெளிவந்த உரோமை ஞானோபதேசம், அறிவுப்பருவம் எய்தும் முன் அதனை வழங்குதல் தக்கதன்று எனக் கருதியது. அறிந்து ஏற்றல் என்னும் கோட்பாடு இவ்வாறு வலியுறுத்தப்பட்ட காலத்தில் கல்வி பெற்றவர் நொபிலி. மதுரையிலோ ஆயரும் இல்லை. பிறப்பால் கிறித்தவராய் வளர்ந்த உள்ளூர்த் தலைமுறையும் இல்லை. ஆதலின், பிற நாடுகளில் உறுதிபூசுதல் தாங்கிய பொருட்சுமையை இங்குத் திருமுழுக்கிற்கு முன் நிகழும் வினா-விடையே தாங்க வேண்டியதாயிற்று. இக்கட்டுரையின் கருதுகோள் இதுவே.

பிறப்பும் புறப்பாடும்

நொபிலி 1577ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிறந்தார். அவர் குடும்பம் மொந்தெபுல்சியானோ ஊரைச் சார்ந்த உயர்குடி. திருத்தந்தை மூன்றாம் யூலியுவும் கர்தினால் பெல்லார்மினும் அக்குடும்பத்தின் உறவினர். மூத்த மகனாகிய அவர் குடும்பப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது உறவினர் விருப்பம். அவ்விருப்பத்தை மீறி வீட்டைவிட்டு வெளியேறி நேப்பிள்சு நகரில் இயேசு சபையில் சேர்ந்தார். பிறந்த குடி விதித்த வழியை விட்டுத் தாமே தேர்ந்த வழியில் செல்லுதல் என்ன விலை கேட்கும் என்பதை அவர் தம் இளமையிலேயே அறிந்திருந்தார். பின்னாளில் மதுரையில் தம்மிடம் வந்தவர்களை அவர் எளிதில் அவசரப்படுத்தாமைக்கு இப்பட்டறிவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

1604இல் இலிசுபனிலிருந்து கப்பலேறினார். மொசாம்பிக்குக் கடற்பகுதியில் கப்பல் உடைந்தது. இடர்ப்பட்டு 1605 மே மாதம் கோவா வந்தடைந்தார். அங்கிருந்து கொச்சிக்கும், பின்னர் முத்துக்குளித்துறைக்கும் சென்று தமிழ் கற்கத் தொடங்கினார். 1606 நவம்பரில் மாநிலத் தலைவர் ஆல்பெர்தோ லயெர்சியோ அவரை மதுரைக்கு அழைத்து வந்தார்.

கடற்கரை வழியும் உள்நாட்டு நிலையும்

நொபிலி கண்ட இரு சூழல்களை ஒப்பிடுவது இன்றியமையாதது. முத்துக்குளித்துறையில் பரதவர் 1535–37 ஆண்டுகளில் ஊரூராகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலில் போர்த்துக்கீசியர் பாதுகாப்பை நாடிச் சமூகத் தலைவர்கள் எடுத்த முடிவு அது. 1542இல் வந்த பிரான்சிசு சவேரியார், ஏற்கெனவே முழுக்குப் பெற்றிருந்த அம்மக்களுக்கு மந்திரங்களையும் கட்டளைகளையும் தமிழில் மனப்பாடம் செய்வித்தார். அவருக்குப் பின் என்றீக்கே என்றீக்கசு அடிகளார் 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தையும், 1579இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கத்தையும் அச்சிட்டு அறிவூட்டலை வளர்த்தார். அங்கு முழுக்கு முன்னதாகவும் அறிவு பின்னதாகவும் அமைந்தன. சமூகம் முழுவதும் ஒருங்கே மாறியதால் தனியொருவரின் அறிக்கை தனிச்சிக்கலாக எழவில்லை. அச்சமூகம் அவ்விசுவாசத்தைத் தலைமுறை தலைமுறையாக உறுதியுடன் காத்துவருவது, அவ்வழியும் வேரூன்றக் கூடியதே என்பதற்குச் சான்று.

மதுரை நிலை வேறு. நாயக்கர் ஆட்சியில் இருந்த இந்நகரில் கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் போர்த்துக்கீசிய இயேசு சபையார் 1595 அளவில் குடியமர்ந்திருந்தார். முன்னர்ப் போர்வீரராக இருந்தவர், எளிய வாழ்வினர். சிறு கோவில், மருந்தகம், பள்ளி ஆகியவற்றை நடத்தினார். கடற்கரையிலிருந்து வணிகத்திற்காக வந்து தங்கிய பரதவர்களே அவருடைய மந்தை. பத்தாண்டிற்கு மேலாக உழைத்தும் நகரத்தாருள் எவரும் அவர் கோவிலை நாடவில்லை. அவர் ஒழுக்கத்தையோ அன்பையோ எவரும் ஐயுற்றதாகத் தெரியவில்லை. தடை வேறெங்கோ இருந்தது. அதைக் கண்டறிவதே நொபிலியின் முதற்பணியாயிற்று.

திருமுழுக்குத் தொட்டியருகே ஒரு வினா

மதுரையார் போர்த்துக்கீசியரைப் பறங்கியர் என்றனர். அச்சொல் ஒரு நாட்டினரை மட்டும் சுட்டி நிற்கவில்லை. மாட்டிறைச்சி உண்போர், கள் அருந்துவோர், நீராடாதோர், தோற்செருப்பணிந்து திரிவோர் என்னும் இழிபொருளையும் அது சுமந்திருந்தது. இதனினும் வியப்பானது, அச்சொல் திருமுழுக்குச் சடங்கினுள்ளேயே இடம்பெற்றிருந்தமை. முழுக்குப் பெற வந்தவரிடம் கிறித்தவ நெறியில் சேர விருப்பமா என்று இலத்தீனில் அமைந்த வினாவைத் தமிழாக்கியவர், பறங்கிக் குலத்தில் புக விருப்பமா என்னும் பொருள்படக் கேட்டுவந்தார். கேட்டவரும் கேட்பித்தவரும் இதில் பிழை எதையும் உணரவில்லை. பறங்கி என்பது கிறித்தவர் என்பதன் தமிழ் எனவே அவர்கள் நம்பியிருந்தனர்.

தமிழ் கற்ற நொபிலிக்கு இம்மொழிபெயர்ப்பின் விளைவு உடனே புலப்பட்டது. விசுவாச அறிக்கைக்கு முந்திய வினா, விசுவாசத்தைப் பற்றியதாகவே இல்லை. அது குலத்தைப் பற்றியதாக இருந்தது. அதற்கு ஆம் என விடையிறுப்பவர், தம் சுற்றத்தை விட்டு இழிந்ததெனக் கருதப்பட்ட அயலார் குழுவில் சேர்வதாகச் சூளுரைக்கிறார். இல்லை என மறுப்பவரோ, கிறித்துவை மறுத்தவராகார். அவரைப் பற்றி அவர் இன்னும் வினவப்படவே இல்லை. மதுரை மக்கள் பத்தாண்டுகளாக நிராகரித்தது ஒரு சமயத்தை அன்று, ஒரு சொல்லை என்பது இதனால் பெறப்படும்.

நொபிலி இதனைத் தலைவரிடம் எடுத்துரைக்க, வினா திருத்தப்பட்டது. கேள்வியின் நடுப்பொருள் குலத்திலிருந்து வேதத்திற்கு மாறியது. சொல்லளவில் மிகச் சிறிய இத்திருத்தத்தின் விளைவுகளை ஏற்றும் காத்தும் விளக்கியுமே அவருடைய எஞ்சிய ஐம்பதாண்டு வாழ்க்கை கழிந்தது எனலாம்.

கோலமாற்றம்

வினாவை மாற்றினால் மட்டும் போதாது. வினவுபவரும் மாற வேண்டும். நொபிலி தாம் பறங்கி அல்லர் என்றும், உரோமை நகரில் அரசர்க்கு நிகரான குடியில் பிறந்து துறவு பூண்டவர் என்றும் அறிவித்தார். பெர்னாண்டசின் இல்லத்தினின்று பிரிந்து பிராமணர் வாழ்ந்த பகுதியில் தனிக்குடிலமைத்தார். காவி ஆடை, மரப்பாதுகை, தண்டு, கமண்டலம் ஆகியவற்றை மேற்கொண்டார். நாளுக்கு ஒருமுறை மரக்கறி உணவு மட்டும் கொண்டார். சிலகாலம் சிலுவை கோத்த பூணூலும் அணிந்து, பின்னர் அதனை நீக்கினார். தம்மைப் பற்றிய ஐயங்களுக்கு விடையாக ஓலையொன்றில் அறிக்கை எழுதி வாயிலில் வைத்தார்.

இக்கோலத்தை உத்தி என்றும் வேடம் என்றும் கண்டித்தோர் அக்காலத்திலும் உளர், பிற்காலத்திலும் உளர். தமது பிறப்பைக் குறித்து உயர்வு தோன்றக் கூறியது சாதி அடுக்கினை ஏற்றுக்கொண்டதாகவே முடிந்தது என்னும் குற்றச்சாட்டு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும், வேடம் எனின் ஒருநாள் களையப்படும். நொபிலி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம், உடல்நலம் கெட்ட முதுமையிலும், அவ்வுணவையும் ஒழுக்கத்தையும் விடவில்லை. பிறரிடம் முழு மனத்தோடு கூடிய அறிக்கையை எதிர்பார்த்தவர், தம் அளவிலும் அதனையே கடைப்பிடித்தார் என்பது இங்குக் கருதத்தக்கது.

இருபது நாள் உரையாடல்

திருத்தப்பட்ட வினாவிற்கு முதலில் விடையளித்தவர் பெர்னாண்டசின் பள்ளியில் கற்பித்து வந்த சைவ ஆசிரியர் ஒருவர். 1607இல் அவருக்கும் நொபிலிக்கும் இடையே உரையாடல் நிகழ்ந்தது. நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரமாக இருபது நாள்கள் அது தொடர்ந்தது. ஆசிரியர் கொண்டுவந்தவை அடித்தள வினாக்கள். பதி, பசு, பாசம் ஆகிய மூன்றும் அனாதி என்பது சைவ சித்தாந்தம். உலகம் இல்லாமையிலிருந்து படைக்கப்பட்டது என்பது கிறித்தவக் கொள்கை. உயிர் தோற்றமற்றதா, படைக்கப்பட்டதா? ஒருவர் அரசராகவும் ஒருவர் அடிமையாகவும் பிறத்தற்கு முற்பிறவி வினை காரணமன்று எனின், இறைவன் நடுநிலையாளன் ஆவது எங்ஙனம்? இவை போன்ற வினாக்கள் வாதிக்கப்பட்டன.

இவ்வுரையாடலின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. முதற்கண், ஆசிரியர் கற்போராக மட்டும் இருக்கவில்லை; தடை எழுப்பும் உரிமை அவருக்கு இருந்தது. பிறர்மதம் மறுத்துத் தன்மதம் நிறுவும் தமிழ்த் தருக்க மரபில் இருவரும் நின்றனர். அடுத்து, முடிவெடுக்கும் உரிமை அவரிடமே விடப்பட்டது. இறுதியாக, அவர் முன்பு கொண்டிருந்த கொள்கை அறியாமையென ஒதுக்கப்படாமல் மறுக்கத்தக்க ஒரு தரிசனமாக மதிக்கப்பட்டது. இருபதாம் நாள் முடிவில் அவர் ஆல்பெர்ட் என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்றார். கடற்கரையில் ஒரு திங்களில் பல்லாயிரவர் முழுக்குப் பெற்ற வரலாற்றோடு ஒப்பிட, ஒருவருக்கு இருபது நாள்கள் என்பது கணக்கில் மிகச் சிறிது. ஆயினும் அறிக்கையின் முதிர்ச்சியை அளவுகோலாகக் கொள்வோர்க்கு அதன் பெறுமதி விளங்கும்.

சிவதருமரும் பூணூலும்

அடுத்த சிக்கல் சிவதருமர் என்னும் தெலுங்குப் பிராமணர் வாயிலாக எழுந்தது. அவர் நொபிலிக்கு வடமொழி ஆசான். அயலார்க்கு வேதம் கற்பித்தல் அவர் சமூகத்தில் பெருங்குற்றம். அவ்விடரை ஏற்றுக் கற்பித்தார். கற்பித்தவரே பின்னர்க் கற்போராகி 1609இல் போனிபாசு என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்றார். அவர் குடுமியையும் பூணூலையும் நீக்கவில்லை.

இதுவே பெரும்பூசலுக்கு வித்தாயிற்று. விசுவாச அறிக்கை உள்ளத்தைச் சார்ந்ததா, உடலில் தாங்கும் குறிகளையும் சார்ந்ததா? குடுமியும் பூணூலும் பழைய சமயத்தின் அடையாளங்கள் எனின், அவற்றைத் தாங்கியவாறு புதிய அறிக்கை செய்தல் பொய்யாகும். குடி, தொழில், கல்வி ஆகியவற்றின் அடையாளங்கள் எனின், அவற்றைப் பறித்தல் விசுவாசத்திற்குத் தேவையற்ற ஒரு நிபந்தனையை விதித்தலாகும். பறங்கிக் குலத்தில் புகுக என்ற பழைய வினாவே மற்றொரு வடிவில் மீளும். நொபிலி இரண்டாம் நிலையை மேற்கொண்டார். தரும நூல்களையும் உள்ளூர் அறிஞர் கருத்துகளையும் ஆய்ந்து, எவை சமயக் குறிகள், எவை சமூகக் குறிகள் எனப் பகுத்து எழுதினார்.

பெர்னாண்டசு 1610இல் மேலிடத்திற்கு முறையீடு அனுப்பினார். அவரும் நாட்டு வழக்கங்களை நெருங்கி அறிந்தவரே. 1616இல் இந்துசமய வழக்கங்கள் குறித்து விரிவான நூலொன்று போர்த்துக்கீசியத்தில் எழுதியவர். சடங்கும் சமயமும் பிரிக்கவியலாதவை என்பது அவர் கொள்கை. நொபிலி 1610இல் மறுமொழியும், 1613இல் இந்திய வழக்கங்கள் பற்றிய இலத்தீன் ஆய்வுரையும் எழுதினார். மேலிடத் தடைகளால் பணி தளர்ந்த ஆண்டுகள் தொடர்ந்தன. உறவினராகிய கர்தினால் பெல்லார்மினும் முதலில் செய்தி கேட்டு வருந்தி, விளக்கம் பெற்ற பின்னரே அமைதியுற்றார். 1619இல் கோவாவில் கூடிய அவையில் பெரும்பான்மையோர் நொபிலிக்கு எதிராயினர். கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிசுக்கு ரோசு அவருக்குத் துணைநின்றார்.

1623 சனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் விடுத்த ஆணை, பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை வரையறைகளோடு இசைந்தது. பழைய நூலை விடுத்து, மந்திரித்த புதிய நூலைக் குருவிடம் பெற வேண்டும். சந்தனம் அணியாக மட்டும் அமைய வேண்டும். நீராடல் தூய்மைக்காக மட்டும் நிகழ வேண்டும். அடையாளம் அதுவே, அதைத் தாங்குவோர் கருதும் பொருள் மட்டும் மாறுகிறது. திருமுழுக்குப் பெற்றவர் தாம் ஏற்கெனவே அணிந்திருந்ததைப் புதிய பொருளோடு மீண்டும் அறிந்து ஏற்கும் இச்செயல், அமைப்பளவில் உறுதிபூசுதலின் உட்கருத்தோடு ஒப்பிடத்தக்கது. அவ்வாணை மற்றொன்றையும் வற்புறுத்தியது. உயர்குடிப் பெருமை கொண்டோர் எளிய குடியினரைத் திருச்சபையினுள் இழிவாக நடத்தலாகாது என்பது அதன் வேண்டுகோள்.

சொல்லும் அறிக்கையும்

அறிந்து அறிக்கையிடுதற்கு அறியத்தக்க சொற்கள் வேண்டும். முன்னைய அச்சு நூல்களில் போர்த்துக்கீசியச் சொற்கள் பல ஒலிபெயர்ப்பாகவே நின்றன. வழிபாட்டைக் குறித்த மிசா என்னும் சொல் தமிழ்ச் செவிக்கு மீசை என்றே ஒலித்தது. பொருள் புரியாச் சொல்லை வாய் சொல்லலாம்; உள்ளம் ஏற்க இயலாது. நொபிலி சருவேசுரன், வேதம், ஞானஸ்நானம், விசுவாசம், பூசை, பிரசாதம், குரு, கோவில் முதலிய சொற்களை ஆண்டு, அவற்றிற்குக் கிறித்தவப் பொருளை வரையறுத்து விளக்கினார். இவற்றுட் பல மக்களிடம் முன்பே வழங்கியவை. பூணூலில் செய்ததையே அவர் சொல்லிலும் செய்தார்: வடிவை நிறுத்திப் பொருளைப் புதுக்கினார்.

அவர் நூல்களின் வரிசையை நோக்கினும் இந்நோக்கம் விளங்கும். ஞானோபதேசம் கொள்கை முழுமையையும் படிப்படியாக விளக்கும் பெருநூல். ஆத்தும நிருணயம் உயிரின் இயல்பை ஆராய்கிறது. புனர்ஜென்ம ஆட்சேபம் மறுபிறவிக் கொள்கையைத் தடைவிடையாக எதிர்கொள்கிறது. தூஷண திக்காரம் கிறித்தவம் பற்றி நிலவிய பழிச்சொற்களை மறுக்கிறது. சத்திய வேத இலட்சணம் மெய்ச்சமயத்தின் இலக்கணம் கூறுகிறது. ஒருவர் அறிக்கையிடுமுன் அவர் உள்ளத்தில் எழக்கூடிய தடைகள் எவையோ, அவையே இந்நூல்களின் தலைப்புகளாக அமைந்துள்ளன. 1607இன் இருபது நாள் உரையாடலின் விரிவாக இவற்றைக் கொள்வது பொருந்தும். வடசொற் பெருக்கம் இன்றைய படிப்போர்க்கு இடர் தருவது உண்மை. ஆயின் தத்துவ வாதம் அக்காலத் தமிழகத்தில் மணிப்பிரவாளச் சாயலிலேயே பெரிதும் நிகழ்ந்தது என்பதை உளங்கொள்ளல் வேண்டும். 1960களில் ச. இராசமாணிக்கம் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து இந்நூல்களைப் பதிப்பித்தமையால் இவ்வாய்வு இயலுவதாயிற்று.

சமவெளிப் பயணங்களும் விடை பெறாத வினாவும்

1623க்குப் பின் நொபிலி மதுரையினின்று வடக்கு நோக்கி நடந்து திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் ஆகிய பகுதிகளில் பணியாற்றினார். நகர்ப்புறத்துக் கற்றோரிடம் தொடங்கிய பணி சமவெளி ஊர்களின் உழுகுடிகளையும் கைவினைஞரையும் எளியோரையும் எட்டியது. அப்போது அவர் திருத்திய வினாவின் மறுபக்கம் வெளிப்பட்டது.

விசுவாசம் குலமாற்றம் அன்று என அவர் நிறுவினார். அதன் பயனாக, உயர்குடியினர் தம் குலத்திலிருந்தவாறே கிறித்தவராக முடிந்தது. அதே கோட்பாடு, ஒடுக்கப்பட்ட குடியினரும் தம் இழிநிலையிலிருந்தவாறே கிறித்தவராக வேண்டும் என்னும் முடிவிற்கும் இட்டுச்சென்றது. துறவி வடிவில் பிராமணர் நடுவே வாழ்ந்தவர் அவர்களோடு வெளிப்படையாகக் கலந்து பழக இயலவில்லை. இரவில் மறைவாகச் சந்திக்க வேண்டியதாயிற்று. இக்குறையை ஈடுசெய்ய 1640இல் பண்டார சுவாமிகள் என்னும் மற்றொரு துறவுநெறி வகுக்கப்பட்டது. பல குடியினரோடும் பழகும் சைவப் பண்டாரங்களின் கோலத்தை ஏற்ற இவ்வமைப்பில் பல்தசார் தா கோசுத்தா முதல்வராயினார். மதுரை மறைப்பணியின் பெருவளர்ச்சி இவர்கள் வழியே நிகழ்ந்தது. எனினும் பணியாளரே இரு வகையாகப் பிரிந்தமை, பிளவை நீக்குவதற்கு மாறாக அதனை அமைப்பாக்கியது என்பதையும் மறைத்தற்கில்லை.

முதிர்ந்த அறிக்கை என்பது அறிவின் தெளிவோடு முடிந்துவிடுகிறதா, உடன்விசுவாசியை ஒப்பக் கருதும் கடமையையும் உள்ளடக்கியதா என்னும் வினா இங்கே எழுகிறது. நொபிலி முன்னதற்கு நிறைவான விடை தந்தார். பின்னதற்கு அவர் விடை குறையுடையதே. 1623ஆம் ஆண்டு ஆணையின் வேண்டுகோள் நிறைவேறாமற் போனதைத் தமிழகத் திருச்சபையின் பிற்கால வரலாறு காட்டுகிறது. அவர் இசைவு பெற்ற வழக்கங்கள் குறித்த பூசல் ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக நீண்டு, 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பரின் ஆணையால் கட்டுப்படுத்தப்பட்டது.

சிறையும் இறுதிக்காலமும்

1640இல் திருமலை நாயக்கர் ஆட்சியில் நொபிலியும் உடன்பணியாளரும் மதுரையில் சிறைப்பட்டனர். உடைமைகள் பறிக்கப்பட்டன. மறு ஆண்டு விடுதலை கிட்டியது. அப்போது அவர் அறுபது கடந்தவர், பார்வை மங்கியிருந்தது. சில ஆண்டுகளில் மேலிடம் அவரை யாழ்ப்பாணத்திற்கும் பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பியது. நாற்பதாண்டுகள் வாழ்ந்த மதுரையை விட்டுப் பிரிந்தபோதும் மதுரையின் வாழ்முறையை அவர் விடவில்லை. மயிலாப்பூரில் போர்த்துக்கீசியர் வாழ்ந்த கோட்டைப்பகுதிக்கு வெளியே மண்குடிலில் தங்கினார். கீரையும் மரக்கறியும் உண்டு, ஏறத்தாழப் பார்வையிழந்த நிலையில், தம் நூல்களைப் பிறர் எழுதச் சொல்லித் திருத்தினார். 1656 சனவரி 16ஆம் நாள் இயற்கை எய்தினார்.

பறங்கியர் குடியிருப்பு அருகிலேயே இருந்தும் அதற்குள் புகாமல் இறுதிவரை வெளியே வாழ்ந்தமை, 1606இல் அவர் எதிர்கொண்ட வினாவிற்குத் தம் வாழ்வாலேயே அளித்த விடையாகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

மதுரை மறைப்பணியின் தொடக்கத்தில் எழுந்த அடிப்படைச் சிக்கல் மொழிபெயர்ப்புச் சிக்கலே. விசுவாசத்தை வினவ வேண்டிய இடத்தில் குலம் வினவப்பட்டது. அதனைக் கண்டறிந்து திருத்தியது தத்துவபோதகரின் முதன்மையான பங்களிப்பு.

ஆயரும் உறுதிபூசுதற் சடங்கும் எளிதில் எட்டாத உள்நாட்டுச் சூழலில், முழுக்கிற்கு முந்திய நீண்ட உரையாடலை அவர் முதிர்ந்த விசுவாச அறிக்கையின் களமாக்கினார். அவர்தம் தமிழ் நூல்கள் அவ்வுரையாடலின் எழுத்து வடிவம் எனக் கொள்ளத்தக்கவை. அந்நூல்களின் கலைச்சொற்களையும் தருக்க அமைப்பையும் இந்நோக்கில் மீள ஆராய்தல் பயன்தரும்.

குலமும் கொள்கையும் வேறென அவர் பகுத்தது அறிக்கையிடுவோர்க்கு உரிமை அளித்தது. அதே பகுப்பு குலத்திற்குத் திருச்சபையினுள் இடமும் அளித்தது. இவ்விரு விளைவுகளையும் சேர்த்தே அவர் பணி மதிப்பிடப்பட வேண்டும்.

இவ்வினா மதுரையில் அவரோடு முடியவில்லை. 1834இல் அமெரிக்க மதுரை மிசன் இந்நகரில் பணி தொடங்கியபோது, தனியொருவரின் அறிக்கையையே சபை உறுப்பினர் தகுதியாகக் கொண்ட மரபு இங்கு வந்தது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி லெஸ்லி நியூபிகின் மதுரை-இராமநாதபுரம் பேராயராக அமர்ந்தபோது, ஆயரின் கைவைப்பால் திடப்படுத்தும் ஆங்கிலிக்க மரபும், சபையார் முன் அறிக்கையிடும் மரபும் ஒரே திருச்சபையில் இணைய வேண்டியிருந்தது. யார் கைவைக்க வேண்டும் என்பதைவிட, அறிக்கையிடுபவர் எதை அறிந்து ஆம் என்கிறார் என்பதே முதன்மையானது என்னும் தெளிவு அவ்விணைப்பிற்கும் தேவைப்பட்டது. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் இதே நகரில், திருமுழுக்குத் தொட்டியருகே ஒரு தமிழ்ச் சொல்லைத் திருத்தியவரின் பட்டறிவு, அச்சிக்கலுக்கும் முன்வரலாறாக நிற்கிறது.